எண்பத்தாறும் தொண்ணூற்றெட்டும்

வேலை பார்த்த லேபில் அவளுக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். எந்த வேலையை முடித்தாலும், "இன்னொரு தரம் பாத்துடலாமே" என்று இழுப்பாள். அதனால் வந்த பெயர். காவலாளி முதல் மேனேஜர் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பிறவியிலேயே பயந்த சுபாவம். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டுப் பாதி வழி வந்த பிறகு, பெயர் எழுதினோமா என்று திரும்பி ஓடியவள். கல்யாணமான புதிதில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்ப வருவாள். கணவர் தெருமுனையிலேயே செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பார். அவருக்குப் பல் செட் செய்கிற தொழில். "உன்ன மாதிரி ஒருத்திக்கு நான் பல்லு செஞ்சா, ஆயுசு பூரா ஃபிட்டிங் பாத்துக்கிட்டேதான் இருக்கணும்" என்பார்.

ஆனால் இந்தப் பயமேதான் அவளுக்குச் சோறு போட்டது. பதினேழு வருடமாக அவள் பார்த்த வேலை, அளக்கிற கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது. அதிலும் நகர்வை அளக்கும் சென்சார்கள் அவள் பொறுப்பு. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு சாண் நீள எஃகுக் குழாய், அதற்குள் போய் வரும் மெல்லிய கம்பி, பின்னால் ஒரு கேபிள். கம்பி நகர நகர, எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை மில்லிவோல்ட் என்று கண்டுபிடித்து, அந்த எண்ணைச் சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கிப் போகிறவர்கள் அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு சென்சார் சொல்வதெல்லாம் அவள் சொன்ன சொல்தான்.

அவள் வேலை செய்யும்போது அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்கும். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். சென்சாரைக் கிடுக்கியில் நேராகப் பிடித்து, அறையின் சூட்டுக்கு அது வந்து சேரும்வரை காத்திருப்பாள். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு இரண்டு மில்லியாகத் தள்ளி, ஒவ்வொரு இடத்திலும் ரீடிங் எடுப்பாள். அதே வழியில் திரும்பி வருவாள். மறுபடியும் போவாள். ஒரு சென்சாருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவாள்.

அவசரத்துக்கு அவள் இடம் கொடுத்தது ஒரே ஒரு தடவை. பாலம் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்று எட்டு சென்சார்களை அனுப்பியிருந்தது. பழைய பாலம் ஒன்றில், மேல்தளத்துக்கும் தூண்களுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பேரிங்குகள் நைந்துபோயிருந்தன. மேல்தளத்தை எட்டு ஜாக்கிகளால் இருபது மில்லி தூக்கி, பழசை உருவிவிட்டுப் புதிதை வைக்க வேண்டும். எட்டு ஜாக்கியும் ஒன்றுபோல ஏறுகின்றனவா என்று பார்த்துச் சொல்லத்தான் அந்த எட்டு சென்சார்கள். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒரு மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் தளம் முறுக்கிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி டிரைவர் வந்துவிட்டார். ஆறு முடிந்து இரண்டு பாக்கி இருந்தன. அவர் வெளியே ஹாரன் அடிக்கிறார், மேனேஜர் உள்ளே கதவைத் தட்டுகிறார். "செவ்வாக்கிழமை தூக்குறாங்களாம்மா. இன்னைக்கு மாட்டுனாத்தான் டெஸ்ட் பண்ண முடியுமாம்." அவள் முடித்தாள், கையெழுத்துப் போட்டாள், கொடுத்தாள். போன வருடச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மட்டும் மிச்சம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அந்தக் கோப்பைத் திறந்தாள்.

ஆறு சென்சார்களின் எண்கள் போன வருடத்தோடு ஒட்டிப் போயின. எண்பத்தாறாம் நம்பரில் வந்து நின்றாள். போன வருடம் மில்லிக்கு 46.2. இந்த வருடம் 50.1. சென்சார் கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த தாளைப் புரட்டினாள். தொண்ணூற்றெட்டு: போன வருடம் 50.1. இந்த வருடம் 46.2.

காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணை மூடிக் கிடுக்கியை நினைவுக்குக் கொண்டுவந்தாள். கேபிள் இடது பக்கம் வரும்படி மாட்டுவது அவள் வழக்கம். அப்படி மாட்டினால், குழாயில் பொறித்திருக்கும் நம்பர் அவள் பக்கம் தலைகீழாக இருக்கும். மற்ற ஆறு நம்பர்களைக் கழுத்தைச் சாய்த்துத்தான் படித்தாள். இந்த இரண்டுக்கும் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தாளில் 86 என்று எழுதி, மெல்லத் திருப்பினாள். 98.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், எண்பத்தாறும் தொண்ணூத்தெட்டும் மாறிப்போச்சு."

"என்ன மாறிப்போச்சு?"

"சர்டிஃபிகேட். நம்பரத் தலைகீழாப் படிச்சிட்டேன்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தாளையும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் வேலை போனால் வேறு வேலை கிடையாது. "நிச்சயமாத் தெரியுமா? சென்சார்லயே ஏதாவது ஆகியிருக்கலாம்ல?"

"ரெண்டும் அச்சு அசலா இடம் மாறியா சார் கெடும்?"

அவர் தாள்களைக் கீழே வைத்தார். "சரி, திருத்துன சர்டிஃபிகேட் ரெடி பண்ணு. மத்தியானத்துக்குள்ள மெயில்ல அனுப்பிடலாம்."

"இன்னைக்குத்தான் சார் தூக்குறாங்க."

அவர் ஃபோனை எடுத்தார். சைட் இன்ஜினியரின் ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பெனி ஆபீஸில் ஒரு பெண் எடுத்தாள். "ஜாக்கி ஏத்தும்போது எல்லார் ஃபோனையும் வாங்கிப் பெட்டியில போட்டுடுவாங்க சார். சாயங்காலம் கூப்பிடுங்களேன்." மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். "கண்டிப்பா சொல்லிடறேன் சார்" என்றாள். யாரிடம், எப்படிச் சொல்லப்போகிறாள் என்று அவள் சொல்லவில்லை.

"நீ கெளம்பு" என்றார் மேனேஜர். "நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்." அவள் கதவு வரை போனதும், "அங்க போய் எல்லாத்தையும் கொட்டிடாத. மொதல்ல என்னன்னு பாரு" என்றார்.

போகும்போது அலமாரியிலிருந்து பத்து மில்லி எஃகுக் கட்டை ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சரியாகப் பத்து மில்லி தடிமன். முடியளவுகூட அதிகமில்லை, குறைவில்லை. அனுமதிச் சீட்டில்லாமல் அதை வெளியே எடுத்துப் போகக் கூடாது. பதினேழு வருடத்தில் ஒரு பென்சிலைக்கூட அவள் அப்படி எடுத்ததில்லை.

டாக்ஸியில் உட்கார்ந்து, கையில் கிடைத்த ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். திரை இருபது என்று காட்டும்போது ஒரு பக்கம் கிட்டத்தட்ட இருபத்தொன்றே முக்கால் போயிருக்கும். மறுபக்கம் பதினெட்டரையைத் தொட்டிருக்காது. மூன்று மில்லிக்கு மேல் வித்தியாசம். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

அப்போதுதான் அந்த இன்னொரு நினைப்பு வந்தது. இரண்டு சென்சாரையும் ஒரே பக்கத்தில் மாட்டியிருந்தால்? பாலம் தானாகவே சரியாக ஏறி இறங்கிவிட்டால்? அடுத்த வருடம் அவை திரும்பி வரும்போது சத்தமில்லாமல் திருத்தி எழுதிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த நினைப்பு தனக்குள்ளிருந்து இவ்வளவு சுலபமாக எழுந்து வந்ததே என்று அவளுக்கு உடம்பு சில்லிட்டது. கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த அரவை மெஷின் நின்றது. "என்ன தப்பு?"

சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். கேட்டது ஒன்றைத்தான்.

"கீழ ஆளுங்க இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"அப்ப எங்கிட்ட ஏன் பேசிக்கிட்டிருக்க? ஃபோன வச்சிட்டு டிரைவர வேகமாப் போகச் சொல்லு."

பாலத்துக்கு அரை மைல் முன்னாலேயே வண்டிகள் தேங்கி நின்றன. இறங்கி நடந்தாள், பிறகு ஓடினாள். மஞ்சள் நாடா கட்டியிருந்த இடத்தில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"உள்ள விட முடியாதும்மா. வேல நடக்குது."

"அந்த வேலையத்தான் நிறுத்தணும்."

அவர் சிரித்தார். "நல்லாருக்கே! பாலத்தைத் தாண்டணும்னா அந்தப் பக்கம் சுத்திப் போங்க."

வரிசையில் கால் கோட்டைத் தாண்டிவிட்டால்கூடப் பின்னால் நகர்ந்து நிற்கிறவள் அவள். அன்றைக்குக் குனிந்து, நாடாவுக்கு அடியில் நுழைந்து ஓடினாள். பின்னால் அவர் கத்துவது கேட்டது. தூணை ஒட்டி இரும்புச் சாரம், அதற்கு ஏணிப்படி. படிகளின் இடுக்கு வழியே ரொம்பக் கீழே தண்ணீர் ஓடுவது தெரிந்தது. கையில் வியர்த்துக் கம்பி வழுக்கியது. கீழே பார்க்காமல், தூணின் சிமெண்டையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

சாரத்தின் மேடையில் ஒரு மேசை, அதன்மேல் திரை, அதற்கு முன்னால் சைட் இன்ஜினியர். முப்பது வயதிருக்கும். திரையில் எட்டுப் பச்சைக் கட்டங்கள், எட்டிலும் 5.00. எட்டும் ஒரே கோட்டில், கோலால் அடித்த மாதிரி நின்றன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

இன்ஜினியர் திரும்பினார். "யாரு நீங்க? யாரு உள்ள விட்டது?"

"சென்சார் லேபிலேருந்து வர்றேன். எண்பத்தாற எங்க மாட்டியிருக்கீங்க? தொண்ணூத்தெட்டு எங்க?"

"எண்பத்தாறு இந்த ஓரம். தொண்ணூத்தெட்டு அந்த ஓரம். ஏன்?"

எதிரும் புதிருமாக.

அவர்களுக்கு மேலே, தூணின் தலைக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த இடுக்கிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தளம் ஏற ஏற, ஜாக்கிக்குப் பக்கத்தில் இரும்புத் தகடுகளைச் செருகிக்கொண்டே போக வேண்டும். ஏதாவது நழுவினால் தாங்கிக்கொள்ள. அதைச் செய்கிற தகடுக்காரர் அங்கே குப்புறப் படுத்திருந்தார். "என்ன சார், அடுத்த ஸ்டெப் போகலாமா? முதுகு கடுக்குது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவர வெளிய வரச் சொல்லுங்க" என்றாள். மேனேஜர் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. அதையும் தாண்டிச் சொன்னாள். "நான் எழுதிக் குடுத்த நம்பர் தப்பு. ரெண்டும் மாறியிருக்கு. திரையில சமமாத் தெரியுது, ஆனா தளம் சமமா இல்ல."

இன்ஜினியரின் முகம் இறுகியது. "வெள்ளிக்கிழம ஒண்ணு எழுதிக் குடுப்பீங்க, இன்னைக்கு ஓடிவந்து ஒண்ணு சொல்வீங்க. எத நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம். இத நம்புங்க." கைக்குட்டையைப் பிரித்து எஃகுக் கட்டையை நீட்டினாள். "சென்சார் முனைக்கும் தளத்துக்கும் நடுவுல இதச் செருகினா பத்து மில்லி மாறணும். பத்து வந்துச்சுன்னா நான் போயிடறேன்."

அவர் யோசித்தார். ஜாக்கிகளின் பூட்டு வளையங்களை இறுக்கச் சொன்னார். தகடுக்காரர் ஊர்ந்து வெளியே வந்தார். ஐம்பதை நெருங்கியவர், புருவமெல்லாம் சிமெண்ட் தூசி. "யாரு செருகுறது?" என்று கேட்டார் இன்ஜினியர். துளி சாய்வாக வைத்தாலும் கணக்குக் கெட்டுப்போகும். அது தெரிந்த ஆள் அங்கே ஒருத்திதான் இருந்தாள்.

"வாங்கம்மா" என்றார் தகடுக்காரர். "தலைய மட்டும் தூக்கிடாதீங்க. பாலம் நமக்காக நகராது."

அவள் குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தாள். தலைக்கு ஒரு சாண் மேலே கான்கிரீட். எத்தனை நூறு டன் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், ஆனாலும் நினைத்தாள். எங்கோ உள்ளே கிர்க் என்று முனகியது. அப்படியே உறைந்துபோனாள். மூச்சை வெளியே விட்டால்கூட ஏதாவது அசைந்துவிடும்போல இருந்தது. "அது அப்பப்ப பேசும்மா, கண்டுக்காதீங்க" என்று அவள் கால்மாட்டிலிருந்து சொன்னார் அவர். எண்பத்தாறு கைக்கெட்டும் தூரத்தில் நேராக நின்றது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கம்பியை மெல்ல அழுத்தி, கட்டையைச் செருகினாள். தட்டையாக உட்கார்ந்தது.

"எவ்வளவு மாறிச்சு?"

"ஒம்பது புள்ளி ரெண்டு ரெண்டு" என்றார் இன்ஜினியர். அவர் குரல் மாறியிருந்தது.

மறு ஓரத்துக்கும் அவளேதான் போனாள். அங்கே பத்து புள்ளி எட்டு நான்கு.

அவள் கொண்டுவந்த தாளிலிருந்து சரியான எண்களை இன்ஜினியர் ஒவ்வொன்றாகத் தட்டினார். திரையில் இரண்டு கட்டங்கள் பச்சையிலிருந்து மஞ்சளாயின. ஒன்றில் 5.42, மற்றொன்றில் 4.61. ஒரு மில்லி ஆவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அடுத்த ஸ்டெப்பில் அதைத் தாண்டியிருக்கும். திரை மட்டும் பச்சையாகவே இருந்திருக்கும். தகடுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அதுக்குள்ளயா படுத்துக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டார். அவள் பக்கம் திரும்பவில்லை. அவர் கோபமாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

தளத்தை அரை அரை மில்லியாக இறக்கிப் பழைய இடத்தில் உட்கார வைத்தார்கள். அதற்கே இரண்டு மணி நேரம் பிடித்தது. அவள் மேடை ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி மேலெல்லாம் சிந்தியது. எல்லாம் இறங்கிய பிறகு இன்ஜினியர் டார்ச் அடித்துத் தூணின் தலையைச் சுற்றிப் பார்த்தார். ஆற்றுப் பக்கத்தில் ஒரு கீறல், விரல் நீளம், மயிரிழை அகலம்.

"இது முன்னாடியே இருந்துச்சா?" என்று தகடுக்காரரைக் கேட்டார்.

"காலையில நான் பாக்கல சார். ஆனா நான் கீறல் பாக்கவா படுத்தேன்?"

காலையில் எடுத்த படங்களில் அந்த மூலை நிழலில் இருந்தது. பழசா, அன்றைக்கு வந்ததா என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. கிளம்பும்போது அவள் இன்ஜினியரிடம் கேட்டாள்: "இருபது வரைக்கும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகியிருக்காதுன்னும் சொல்லலாம்" என்றார் அவர். "ஜாக்கி சாஞ்சு, தகடு தெறிச்சிருக்கும்னும் சொல்லலாம். எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சுக்கவும் ஆசையில்ல."

பாலம் வியாழக்கிழமை தூக்கப்பட்டு, சனிக்கிழமை திறக்கப்பட்டது. லேபில் விசாரணை வைத்தார்கள். காரணம் என்ற இடத்தில், 'எண்கள் தெளிவாகப் பொறிக்கப்படவில்லை' என்று எழுதலாமே என்றார் மேனேஜர். அது முழுப் பொய்யும் இல்லை. அவளுடைய மகள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தை முடிக்கிறாள். வேலை போனால் மேற்படிப்பு என்னாகும் என்று நினைத்தபோது பேனா நின்றது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். 'எண்கள் தெளிவாக இருந்தன. நான் தலைகீழாகப் படித்தேன். ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்திட்டேன்' என்று எழுதினாள். மேனேஜர் அதைப் படித்துப் பெருமூச்சு விட்டு, தன் பங்குக்கு, 'நான் அவசரப்படுத்தினேன்' என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

வேலை போகவில்லை. மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போடும் உரிமை போனது. அந்த வருடம் அவள் கொடுத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்களையும் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். தேதி தப்பாகப் போட்டிருந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வயதானவர், அதட்டாமல் பேசுகிறவர். கடைசியில் அவர் கேட்டார்: "அந்தக் கோப்ப நீங்க புதன்கிழமை தெறந்திருந்தீங்கன்னா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

உரிமை திரும்பக் கிடைத்த அன்று காலை, சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே கணவர் கேட்டார்: "இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்ல. கூடியிருக்கு."

"வேலைய விட்டுடறியா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எட்டரைக்கு ஒரு சென்சார் வருது. அதுக்குள்ள ரூம் இருபது டிகிரிக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.